வசூலாகும் ஊரும் செலவாகும் ஊரும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு விவாதம் மூண்டது. ஜபல்பூரிலுள்ள படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அதைத் தொடங்கி வைத்தார். "நம் ஊரில் கட்டும் வரியெல்லாம் டில்லிக்குப் போகிறது. டில்லி அதை எடுத்து இந்த மாநிலத்துக்குக் கொடுக்கிறது. தமிழ் நாட்டுக்குத் திரும்பி வருவது ரூபாய்க்கு இருபத்தொன்பது காசுதானாமே!" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் மாமாவாக விளங்கும் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் சிரித்தார். "தம்பி, போன மாதம் உன் பெண்ணுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்களே, அந்த ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருக்கிறது? நீ சொல்கிற பணத்தில்தானே அதுவும் நடக்கிறது?" என்று கேட்டார்.

"வாஸ்தவம், மாமா. ஆனால் ஊரில் என் அம்மா தனியாக இருக்கிறாளே. அவள் போகிற ஆஸ்பத்திரிக்கும் பணம் வர வேண்டாமா?" என்றார் இளைஞர்.

மாமா பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிப் போயிற்று. பேச்சும் அத்துடன் நின்றது. ஆனால் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாநிலத்தில் பிறந்து மற்றொரு மாநிலத்தில் பிழைக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் பத்திரிகைச் செய்தி அன்று. நம் குழந்தைகள் ஒரு கஜானாவின் நிழலிலும், நம் பெற்றோர் மற்றொரு கஜானாவின் நிழலிலும் வாழ்கிறார்கள். இரண்டு கஜானாக்களுக்கும் டில்லியிலிருந்து பணம் வருகிறது. அது என்ன பணம், எந்த விதிப்படி வருகிறது, யாருக்கு எவ்வளவு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். கணக்கு எழுதிப் பழகியவன். ஆகவே இதையும் ஒரு கணக்காகவே பார்த்து எழுதியிருக்கிறேன்.

டிக்கெட்டுக் கணக்கு

முதலில் இரயில்வேயிலிருந்து ஓர் உதாரணம். ஜபல்பூரில் ஒருவர் தஞ்சாவூருக்கு டிக்கெட் வாங்குகிறார். பணம் முழுவதும் ஜபல்பூரில் வசூலாகிறது. ஆனால் அவர் ஏறிய வண்டி இட்டார்சி, நாக்பூர், விஜயவாடா, சென்னை என்று பல இரயில்வேக்களின் தண்டவாளங்களில் ஓடித்தான் அவரைக் கொண்டு சேர்க்கிறது. ஆகையால் வசூலான இரயில்வே ஒன்றே அப்பணத்தைத் தன் வருமானமாகக் காட்டிக்கொள்ள முடியாது. புறப்பட்ட இடத்தில் வசூலான தொகை ஒரு கணக்கு. ஒவ்வோர் இரயில்வேயும் பயணியைச் சுமந்து சென்ற தூரத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கும் தொகை மற்றொரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவன் கணக்கு எழுத லாயக்கற்றவன்.

வரியும் அப்படித்தான். மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் சோப்பை மதுரையிலும் வாங்குகிறார்கள், ஜபல்பூரிலும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் லாபத்துக்கான வருமான வரி பெரும்பாலும் மும்பைக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே ஒரு மாநிலத்தில் வசூலான மத்திய வரி முழுவதும் அம்மாநிலத்தார் கொடுத்தது என்று சொல்வது சரியாகாது. வசூலை ஒரு பக்கமும், திரும்பி வந்த பங்கை மறு பக்கமும் வைத்து வகுத்துத்தான் ‘ரூபாய்க்கு இத்தனை காசு’ என்று சொல்கிறார்கள். இராணுவம், இரயில்வே, துறைமுகம் போன்றவற்றுக்கு மத்திய அரசாங்கம் நேராகச் செலவிடுவது அக்கணக்கில் சேர்வதில்லை. அந்தக் கணக்கை அறவே தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு மனக்குறையைக் காட்டும் கணக்கு. முழுக் கணக்கு ஆகாது.

அதிகாரம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம்

மாநிலத்துக்கு டில்லி ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இது தயவினால் நடக்கும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசியல் சட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களைப் பங்கிட்டிருக்கிறது. பெருந்தொகை ஈட்டித் தரும் வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி ஆகியவை மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. நிலவரி, முத்திரைத் தீர்வை, வாகன வரி, மதுவின் மீதான ஆயத் தீர்வை, பெட்ரோல் டீசல் மீதான விற்பனை வரி ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரியை இரு அரசாங்கங்களும் சேர்ந்து விதிக்கின்றன. ஆனால் பொறுப்புகளைப் பாருங்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, குடிநீர், பாசனம், விவசாயம் இவை யாவும் மாநிலத்தின் தலையில் இருக்கின்றன. பள்ளிக்கூடம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பொதுப் பட்டியலுக்குப் போன பிறகும், பெரும்பாலும் மாநிலத்தின் செலவிலேயே நடக்கிறது. ஒரு குடும்பம் விடிந்தது முதல் இரவு வரை நாடும் சேவைகளில் பெரும்பாலானவை மாநில அரசாங்கத்தினுடையவை.

பதினைந்தாவது நிதிக் கமிஷன் இதை எண்ணிக்கையில் காட்டியிருக்கிறது. 2018-19இல் இரு வகை அரசாங்கங்களும் திரட்டிய மொத்த வருவாயில் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பங்கு மத்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மொத்தச் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பங்கு மாநிலங்களின் கையால் நடந்தது. சம்பளம் அப்பாவின் கையில், சமையலறையும் பள்ளிச் சம்பளமும் அம்மாவின் பொறுப்பில் என்ற நிலைமை இது. அப்பா மாதந்தோறும் அம்மாவிடம் கொடுக்கும் பணத்தை யாரேனும் தர்மம் என்று சொல்வார்களா?

பணம் வரும் மூன்று வழிகள்

டில்லியிலிருந்து வரும் பணத்தை எல்லோரும் ‘மானியம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். உண்மையில் அது மூன்று வெவ்வேறு குழாய்களின் வழியே வருகிறது.

முதலாவது, வரிப் பங்கு. சட்டத்தின் 270ஆவது பிரிவின்படி மத்திய வரிகளில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, அல்லது அதற்கு முன்பாகவே, ஜனாதிபதி 280ஆவது பிரிவின்படி ஒரு நிதிக் கமிஷனை நியமிக்கிறார். பங்கு எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு எத்தனை என்று அது சிபாரிசு செய்கிறது. பதினான்காவது கமிஷன் நூற்றுக்கு 42 என்றது. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்த பின்னர், பதினைந்தாவது கமிஷன் அதை 41 ஆக்கியது. 2026-31 ஆண்டுகளுக்கான பதினாறாவது கமிஷனும் 41 என்பதையே வைத்துக்கொண்டது. இந்தப் பங்கு தவணை தவணையாக மாநிலத்துக்கு வருகிறது. இதை எதற்குச் செலவிட வேண்டும் என்று டில்லி நிபந்தனை விதிப்பதில்லை. ஆசிரியர் சம்பளமோ, ஏரிக் கரையோ, மாநிலச் சட்டசபை முடிவு செய்கிறது.

இரண்டாவது, 275ஆவது பிரிவின்படி நிதிக் கமிஷன் சிபாரிசு செய்யும் உதவி மானியம். வரிப் பங்கு வந்த பின்னும் வரவு செலவில் துண்டு விழும் மாநிலங்களுக்கு 2021-26 ஆண்டுகளில் 2,94,514 கோடி ரூபாய் இவ்வகையில் சிபாரிசு செய்யப்பட்டது. ஊராட்சிகள், நகரசபைகள் முதலிய உள்ளூர் மன்றங்களுக்கு 4,36,361 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் கிராம மன்றங்களுக்குரிய மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். மிச்சம் 40 பங்கை ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. புயல், வெள்ள நிவாரணத்துக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நிதிக்கும் மத்திய அரசாங்கம் பெரும்பாலான மாநிலங்களில் நாலில் மூன்று பங்கு கொடுக்கிறது.

மூன்றாவது, திட்ட மானியம். இதற்கு ஆதாரம் 282ஆவது பிரிவு. எந்தப் பொதுக் காரியத்துக்கும் மானியம் வழங்கலாம் என்று அது சொல்கிறது. பள்ளிக் கல்வித் திட்டம், சுகாதார இயக்கம், பகல் உணவு ஆகியவற்றுக்கு வரும் பணம் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே டில்லி ஒரு திட்டம் வகுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் 60 பங்கு அதனுடையது, 40 பங்கு மாநிலத்தினுடையது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90க்குப் பத்து. வீட்டுக்கு வீடு குழாய் என்னும் 2019ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி. நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, தன் பங்கையும் எடுத்து வைத்தால்தான் மாநிலத்துக்குப் பணம் வரும்.

முதல் இரண்டு குழாய்களில் விதி பேசுகிறது. மூன்றாவதில் விதியுடன் விருப்பமும் சேர்ந்து பேசுகிறது. வழக்குகள் பெரும்பாலும் எங்கே பிறக்கின்றன என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

முன்னோர் கண்ட முறை

இந்தப் பங்கீட்டுச் சச்சரவு நேற்று முளைத்தது அன்று. 1951இல் நியோகி அவர்களின் தலைமையில் முதல் நிதிக் கமிஷன் அமைக்கப்பட்டபோதே, வசூலான மாநிலத்துக்கே வருமான வரியைத் தர வேண்டும் என்று பம்பாய் போன்ற மாநிலங்கள் வாதாடின. ஜனத்தொகைப்படி தர வேண்டும் என்று மற்றவை வாதாடின. கமிஷன், மாநிலங்களுக்குரிய வருமான வரிப் பங்கில் நூற்றுக்கு 80ஐ ஜனத்தொகைப்படியும், 20ஐ வசூலின்படியும் பிரித்தது. தீப்பெட்டி, புகையிலை, வனஸ்பதி ஆகியவற்றின் மீதான கலால் வரியிலும் 40 பங்கு மாநிலங்களுக்கு என்றது. அன்று முதல், தீப்பெட்டி எந்த ஊரில் செய்யப்பட்டாலும் அதன் வரியில் ஒரு பகுதி நாட்டின் எல்லா மாநிலங்களுக்கும் போயிற்று.

1956இல் அமைந்த இரண்டாவது கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கே. சந்தானம் அவர்கள். அதற்கு முன் மத்திய அரசாங்கத்தில் இரயில்வே இராஜாங்க மந்திரியாக இருந்தவர் அவர். நம்மவர் தலைமையில் இருந்தும், வசூலுக்கு உரிய 20ஐ அந்தக் கமிஷன் 10 ஆகக் குறைத்தது. ஜனத்தொகைக்கு 90 என்றது. மாநிலங்களின் மொத்தப் பங்கையும் 55இலிருந்து 60க்கு உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாக இருந்த பி. வி. இராஜமன்னார் அவர்கள் தலைமை வகித்த நான்காவது கமிஷன் அதை 75 ஆக்கியது. பின்னர் 1969இல் தமிழ் நாட்டு அரசாங்கம் மத்திய மாநில உறவுகளை ஆராய அவரையே தலைவராக நியமித்தது. 1971இல் வெளிவந்த அந்தக் குழுவின் அறிக்கை மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் வேண்டும் என்று வாதாடியது. பன்னிரண்டாவது கமிஷனின் தலைவர் சி. ரங்கராஜன் அவர்களும் தமிழரே.

இரயில்வேக் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு பழைய செய்தியும் உண்டு. 1957இல் இரயில் பிரயாணக் கட்டணத்தின் மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. அதன் நிகர வசூல் மாநிலங்களுக்கு உரியது. 1961இல் அந்த வரியை நீக்கிக் கட்டணத்துடன் சேர்த்துவிட்டார்கள். மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக ஆண்டுக்கு 12½ கோடி ரூபாய் ஈட்டு மானியமாகக் கொடுத்தார்கள். அந்த வரி வளரும் வரியாக இருந்தது. அதற்கு ஈடாக வந்த மானியமோ ஒரே தொகையாக நின்றது. கட்டணமும் கூட்டமும் ஏற ஏறத் தங்கள் பங்கு தேய்கிறது என்று மாநிலங்கள் முறையிட்டன. வரிப் பங்குக்கும் மானியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் காலத்து டிக்கெட்டே நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே ஜனத்தொகை, இரண்டு பேரேடுகள்

இனி நமது இரு மாநிலங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ் நாட்டின் ஜனத்தொகை 7.21 கோடி, மத்தியப் பிரதேசத்தின் ஜனத்தொகை 7.26 கோடி. ஏறக்குறையச் சமம். இரு மாநிலங்களும் 2024-25ஆம் ஆண்டுக்குப் போட்ட வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகளை எடுத்துக்கொள்வோம்.

தமிழ் நாட்டின் வருவாய் 2,99,010 கோடி ரூபாய். இதில் சொந்த வரி 1,95,173 கோடி. வரியல்லாத வருவாய் 30,728 கோடி. மத்திய வரிப் பங்கு 49,755 கோடி. மத்திய மானியம் 23,354 கோடி.

மத்தியப் பிரதேசத்தின் வருவாய் 2,63,344 கோடி ரூபாய். இதில் சொந்த வரி 1,02,097 கோடி; வரியல்லாத வருவாய் 20,603 கோடி; மத்திய வரிப் பங்கு 95,753 கோடி; மத்திய மானியம் 44,891 கோடி.

வரவில் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சென்னையின் கஜானாவுக்கு டில்லியிலிருந்து வருவது ஏறத்தாழ இருபத்துநாலரை ரூபாய். போபாலின் கஜானாவுக்கு வருவது 53 ரூபாய்க்கு மேல். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகையால் வகுத்தால், வரிப் பங்கு மட்டும் இங்கே தலைக்குச் சுமார் 13,200 ரூபாய். அங்கே சுமார் 6,900 ரூபாய்.

இளைஞரின் கோபம் வெறும் கற்பனை அன்று என்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். பதினைந்தாவது கமிஷன் 2021-26 ஆண்டுகளுக்கு வகுத்த அளவுகோலில், நூறு மதிப்பெண்களில் 45 வருமான இடைவெளிக்கு உரியது; அதாவது தலா வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம். ஜனத்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காட்டுக்கு 10, ஜனத்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12½, வரி வசூல் முயற்சிக்கு 2½. இந்த அளவுகோலில் தமிழ் நாட்டுக்கு 4.079 பங்கும், மத்தியப் பிரதேசத்துக்கு 7.850 பங்கும் விழுந்தன.

தமிழ் நாட்டின் தலா வருமானம் இம்மாநிலத்தினுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தமிழ் நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். இம்மாநிலத்தின் பரப்பு 3,08,000. நாட்டிலேயே அதிகக் காடு உள்ள மாநிலம் இது. காட்டை வெட்டாமல் காத்தால் அந்த நிலத்திலிருந்து வரி வராது. ஐந்து பேருக்கு ஒருவர் பழங்குடியினர். மண்டலா, திண்டோரி பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்த குக்கிராமத்துக்கும் இடையே எத்தனை மைல், எத்தனை ஓடை! நம் ஊரில் ஒரு நர்ஸம்மாள் ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடிக்கும் வீடுகளை இங்கே பார்க்க ஒரு நாள் போதாது. ஒரே சேவையைக் கொடுக்க இங்கே செலவு அதிகம். கொடுக்கும் கஜானாவில் சொந்தப் பணம் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகவே பங்கீடு ஏற்பட்டது. இரயில்வேயிலும் கூட்டமுள்ள பெரிய தடத்தின் வருமானம்தானே நஷ்டத்தில் ஓடும் கிளைத் தடத்தைக் காப்பாற்றுகிறது?

நம் ஊரின் குறை

இவ்வளவும் சொன்ன பிறகு, தமிழ் நாட்டுக்குக் குறையே இல்லை என்று முடித்தால் அது நேர்மையாகாது. குறை உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஜனத்தொகை. 1971இல் தமிழ் நாட்டில் 4.12 கோடிப் பேர். இன்றைய எல்லைப்படி மத்தியப் பிரதேசத்தில் 3 கோடிப் பேர். நாற்பது ஆண்டுகளில் இரண்டும் சமமாகிவிட்டன. அரசாங்கம் சொல்லியபடி அளவான குடும்பம் வைத்துக்கொண்டவர்களுக்குப் பங்கு குறையக் கூடாது என்பதற்காகவே நீண்ட காலம் 1971ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பங்கிட்டார்கள். பதினைந்தாவது கமிஷன் 2011ஆம் ஆண்டுக் கணக்குக்கு மாறியது. அதற்கு ஈடாகத்தான் ஜனத்தொகைக் கட்டுப்பாட்டுக்கென்று 12½ மதிப்பெண் வைத்தது. ஆயினும் நெடுங்கணக்கைப் பாருங்கள்: பன்னிரண்டாவது கமிஷனில் தமிழ் நாட்டின் பங்கு 5.305, பதின்மூன்றாவதில் 4.969; பதினான்காவதில் 4.023, பதினைந்தாவதில் 4.079. நன்றாகப் படித்த பிள்ளைக்குச் சோறு குறைந்தது போன்ற ஏக்கம் இதனால் எழுகிறது. பதினாறாவது கமிஷன், நாட்டின் மொத்த உற்பத்திக்கு ஒரு மாநிலம் அளிக்கும் பங்குக்கும் புதிதாக 10 மதிப்பெண் வைத்திருப்பது இந்த முறையீட்டுக்கு ஓரளவு செவி சாய்த்ததாகும்.

இரண்டு, மேல்வரியும் ‘செஸ்’ என்னும் தனித் தீர்வையும். சட்டப்படி இவை பங்கிடப்படுவதில்லை, முழுவதும் டில்லிக்கே. நூற்றுக்கு 41 என்று கேட்கும்போது மொத்த வசூலில் 41 என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பங்கிடக்கூடிய தொகையில்தான் 41. பெரிய பானையிலிருந்து ஒரு பகுதியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுவது போன்றது இது. இந்தக் குறை எல்லா மாநிலங்களுக்கும் பொது. போபாலும் சென்னையும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்று, திட்ட மானியத்தின் நிபந்தனை. பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தனக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழ் நாட்டு அரசாங்கம் கூறியது. தேசியக் கல்விக் கொள்கையைத் தழுவிய மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது டில்லியின் நிலை. மும்மொழி ஏற்பாட்டுக்கு உடன்பட முடியாது என்பது சென்னையின் நிலை. 2025 மே மாதத்தில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் சங்கத்தின் வேலை அன்று. ஆனால் இரு பெரியவர்களின் வழக்கு தீரும்வரை ஆசிரியர் சம்பளமும் ஏழைக் குழந்தையின் படிப்பும் காத்திருக்க மாட்டா என்பதைச் சொல்ல யாருக்கும் தயக்கம் வேண்டாம்.

பங்கு விகிதம் மாறினாலும் இதே நெருக்கடி ஏற்படும். கிராம வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தபோது உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசாங்கம் ஏற்றது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டம் செலவைப் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60க்கு 40 என்று பிரித்தது. சொந்தப் பணம் குறைந்த மாநிலத்துக்கு அந்த 40 எளிதன்று. இதில் சென்னையைவிடப் போபாலுக்கே கவலை அதிகம்.

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்கக் கூடாது. 2016 முதல் 2019 வரை தமிழ் நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடவாமல் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு மானியம் இல்லை என்று டில்லி நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டுகளில் தெருவிளக்கும் கால்வாயும் பழுதாகிக் கிடந்த ஊர்களில் நம்முடைய பெற்றோரும் இருந்தார்கள்.

அது போலவே, கொடுப்பவர் எப்போதும் டில்லி, வாங்குபவர் எப்போதும் மாநிலம் என்றும் எண்ண வேண்டாம். பள்ளியில் பகல் உணவு போடுவதைக் காமராஜர் 1956இல் தமிழ் நாடெங்கும் விரிவாக்கினார். எம். ஜி. ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். நாடு முழுவதற்குமான மத்தியத் திட்டம் வந்தது 1995இல். இன்று இந்த ஜபல்பூர் ஜில்லாவின் கிராமப் பள்ளியில் மத்தியானம் தட்டில் விழும் உணவுக்குப் பணம் டில்லியும் போபாலும் தருகின்றன. யோசனை நம் ஊரிலிருந்து வந்தது. எந்த நிதிக் கமிஷனின் கணக்கிலும் ஏறாத பங்கு அது.

நாம் செய்யக்கூடியது

அன்று மாமா சொல்லாத பதிலை இப்போது நான் சொல்லிப் பார்க்கிறேன். இல்லாத மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். நம் குழந்தைகளே அதன் பயனை அனுபவிக்கிறார்கள். அந்தப் பங்கீடு எல்லோருக்கும் தெரிந்த விதிப்படி, காலம் தவறாமல் நடக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயம். நம் பெற்றோரின் ஆஸ்பத்திரி அதை நம்பியிருக்கிறது. இந்த இரண்டு நியாயங்களும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. அவற்றைப் பகையாக்கிப் பேசினால், பக்கத்து வீட்டுக்காரரின் மனம் புண்படுமே தவிர, ஊரில் உள்ள தாயாருக்கு ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகக் கிடைக்காது.

நம் கையால் ஆகக்கூடிய காரியங்களும் உண்டு. குடிமதிப்பு எடுக்கும் ஊழியர் வீட்டுக்கு வரும்போது, நாம் இங்கே வாழும் அத்தனை பேரையும் இங்கேயே பதியச் சொல்ல வேண்டும். "பையன் பெயரும் இருக்கட்டும்" என்று ஊரில் தாத்தா தம் வீட்டுக் கணக்கிலும் சேர்த்துவிடக் கூடாது. எண்ணிக்கை எங்கே விழுகிறதோ அங்கேதான் பங்கும் விழும். நம் தெருவின் குடிநீருக்கு அந்த எண்ணிக்கை வேண்டும். அடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கிராம சபை கூடினால், கோயிலுக்குப் போவது போல அங்கேயும் ஒரு நடை போய், நிதிக் கமிஷன் மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்க அந்த ஊர் வாக்காளர்களுக்கு உரிமை உண்டு; இங்குள்ள ஊராட்சிகளுக்கும் அது பொருந்தும்.

இதை எழுதி முடித்ததும் அந்த இளைஞரிடமும் மாமாவிடமும் படித்துக் காட்டினேன். இளைஞர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்படியானால் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போது வருவார்?" என்றார். அந்தக் கேள்விக்கு நூற்றுக்கு இத்தனை என்று பதில் சொல்ல முடியாது. மாமாதான், "தம்பி, அதைச் சென்னையிலும் கேள், டில்லியிலும் கேள். ஆனால் இந்த ஊர்க்காரன் தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்காதே" என்றார். இளைஞர் தலையசைத்தார். காப்பி அன்று ஆறவில்லை.